மாட்டுக்கறிக்கு எத்தனை விசில்?

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டரைக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய வீட்டில் மாட்டுக்கறி சமைக்கப் பலரும் தயங்குவார்கள். கோழி இருபது நிமிடத்தில் வெந்துவிடும். மீன் அதற்கும் முன்னால். மாட்டுக்கறியோ ஆறு விசில் வைத்த பிறகும் சில நாள் பல்லுக்கு மசியாது. சில நாள் அதே ஆறு விசிலில் நார்நாராகக் கரைந்து குழம்போடு கலந்திருக்கும். அதனால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத, இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் நிறைந்த ஓர் உணவு வாரநாள் இரவில் அடுப்பேறாமல் போவதற்கு நேரம்தான் காரணம் என்றால், அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

தசை என்பது நீளமான இழைகளின் கட்டு. கொழுப்பில்லாத பச்சைக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். இழைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் சவ்வு, கொலாஜன் என்ற வேறொரு புரதத்தால் ஆனது. மூன்று பிரிகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அதன் அமைப்பு. சூடு பட்டதும் இழையும் சவ்வும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இழைப் புரதங்கள் 50 டிகிரி செல்சியஸிலேயே உருமாறத் தொடங்கி, 70 டிகிரியை எட்டும்போது இறுகிக் கெட்டிப்படுகின்றன. 60 டிகிரியைத் தாண்டும்போது சவ்வும் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகிறது. சட்டியில் போட்ட கறி, நாம் ஊற்றாமலே தண்ணீர் விடுவது இதனால்தான். ஆனால் அதே கொலாஜன் 80 டிகிரிக்கு மேல் ஈரத்தோடு நெடுநேரம் வெந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. கட்டு தளர்ந்ததும் இழைகள் பிரிகின்றன. அவற்றின் நடுவே ஜெலட்டின் வழவழப்பாகத் தங்குவதால், தண்ணீரை இழந்த கறிகூட நாக்குக்குப் பதமாகவே இருக்கிறது.

ஆகவே திறந்த சட்டியில் அரைமணி நேரம் கொதித்த கறிதான் இருப்பதிலேயே கடினமானது. இழை இறுகியாயிற்று, கொலாஜன் இன்னும் கரையவில்லை. அந்தக் கட்டத்தில் எடுத்துக் கடித்துப் பார்ப்பவர்கள், “முத்தல் கறியைக் கட்டிக் கொடுத்துட்டார்” என்று கடைக்காரர்மேல் வருத்தப்படுகிறார்கள்.

கறி முத்தலாக இருப்பது என்னவோ உண்மைதான், ஆனால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. விலங்குக்கு வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே உள்ள குறுக்குப் பிணைப்புகள் சூட்டுக்கு எளிதில் அசையாத வகையாக மாறிவிடுகின்றன. அமெரிக்காவில் இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடுகளைப் பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி வெட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போனது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். இந்தச் சட்டம் எருமைக்கும் பொருந்தும். பசுவையும் கிடாரியையும் வெட்ட 1976இல் அரசாணை தடை போட்டது. ஏரிலும் வண்டியிலும் உழைத்து ஓய்ந்த காளை, பல ஈற்றுப் பால் கறந்து முடித்த எருமை, இவற்றின் கறிதான் நம் கடைக்கு வரவேண்டும். அதன் கொலாஜன் வயதானது. “இந்தப் பக்கம் மூன்று நிமிடம், அந்தப் பக்கம் மூன்று நிமிடம்” என்று யூடியூபில் காட்டும் வெளிநாட்டுச் சமையல் நம் வீட்டில் பலிக்காததற்கு இதுதான் முதல் காரணம். சமைத்தவர் கையில் குறையில்லை.

ஒரே மாட்டிலும் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி வேகாது. உடல் எடையைத் தாங்கி உழைத்த கால், கழுத்து, நெஞ்சுப் பகுதிகளில் சவ்வு மிகுதி. முதுகெலும்புக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் அண்டர்கட் அதிகம் உழைக்காத தசை, சவ்வும் குறைவு. கேட்டு வாங்கி வந்த அந்த மென்மையான பகுதியைக் குக்கரில் அரைமணி நேரம் போட்டால் வறண்டு சக்கையாகிவிடும், ஏனென்றால் அதில் கரைந்து வழவழப்புத் தரக் கொலாஜன் இல்லை. மலிவாகக் கிடைக்கும் கால்கறியோ நேரம் கொடுத்தால் அதைவிட ருசிக்கும்.

அண்டர்கட் கிடைத்த நாளில் வேலை எளிது. துண்டை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கெட்டியாகிக் கத்திக்கு வாகாக நிற்கும். இழை ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும். பல் அறுக்க வேண்டிய நீளத்தைக் கத்தி முன்கூட்டியே அறுத்துவிடுகிறது. அரைக்கிலோவுக்குக் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவைச் சிறிது நீரில் கரைத்துப் பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்தால், காரத்தன்மை புரதங்களை ஒன்றோடொன்று இறுகவிடாமல் தடுத்து நீரைப் பிடித்துவைக்கிறது. சீனச் சமையல்காரர்கள் கையாளும் முறை இது. பிறகு நன்றாகக் காய்ந்த கடாயில் மிளகு, வெங்காயம், குடைமிளகாயோடு மூன்றே நிமிடம் வதக்கினால் போதும்.

நம் வீடுகளில் பப்பாளிக்காய் அரைத்துத் தடவும் வழக்கமும் உண்டு. அதன் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது, கொலாஜனையும் சேர்த்து. அது மும்முரமாக வேலை செய்வது அறைச்சூட்டில் இல்லை. அடுப்பில் கறி 60, 70 டிகிரியைக் கடக்கும் நேரத்தில்தான். சூடு இன்னும் ஏறினால் செயலிழந்துவிடும். மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது என்பதால் பெரிய துண்டுக்குப் பயனில்லை. இரவு முழுக்க ஊறவைத்தால் மேலே கூழாகி நடுவில் அப்படியே இருக்கும். சிறு துண்டு, ஒரு தேக்கரண்டி விழுது, அரைமணி நேரம் என்பது நியாயமான அளவு.

மற்ற எல்லாக் கறிக்கும் குக்கர்தான் வழி. அந்தப் பாத்திரம் பிறந்ததே இதற்காகத்தான். பிரான்சில் பிறந்த டெனி பாபின் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஆவியை அடைத்துவைக்கும் கலன் ஒன்றைக் காட்டினார். 1681இல் அதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘எலும்பை மென்மையாக்கும் பொறி’ என்று குறித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் சங்கத்து உறுப்பினர்களுக்கு அந்தக் கலனில் சமைத்து விருந்து வைத்தார். விருந்துக்குப் போன ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், கடினமான மாட்டெலும்பும் மென்மையாக வெந்திருந்ததையும், அதற்குக் கால் கிலோவுக்கும் குறைவான கரியே செலவானதையும் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார்.

திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் கறிக்கு அதற்குமேல் சூடு ஏறாது. ஊட்டியின் உயரத்தில் அதுவும் 93 டிகிரியோடு நின்றுவிடும். குக்கருக்குள் அடைபட்ட ஆவி அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க, கொதிநிலை 120 டிகிரியைத் தொடுகிறது. அந்த 20 டிகிரி வித்தியாசத்தில் கொலாஜன் பல மடங்கு வேகமாகக் கரைகிறது. சட்டியில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் கறி நாற்பது நிமிடத்துக்குள் பதமாவது இப்படித்தான்.

விசிலை எண்ணுவதில்தான் சிக்கல். உள்ளே அழுத்தம் மிகுந்து வெயிட் தூக்கிக்கொடுக்கிறது என்பதைத் தவிர விசில் வேறெதையும் சொல்லாது. பெரிய பர்னரில் முழுத்தீயில் வைத்தால் ஆறு விசில் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். சின்ன பர்னரில் அதே ஆறுக்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். கறிக்குத் தெரிந்தது சூடும் நிமிடமும் மட்டுமே. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அழுத்தம் நிற்கும்வரை உள்ளே 120 டிகிரிதான், பெருந்தீ எரித்தால் கேஸ்தான் வீணாகும். ஓரங்குலத் தொடைக்கறித் துண்டுகளுக்கு 20 முதல் 25 நிமிடம், கால்கறிக்கு 35 முதல் 40 நிமிடம். முத்தல் எருமையாகத் தெரிந்தால் இன்னும் பத்து. அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீய்ச்சாமல் தானே அடங்க விடுங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் நீர் திடீரெனக் கொதித்து வெளியேறிவிடும். இந்த முக்கால் மணி நேரத்தில் நாம் அடுப்படியில் நிற்க வேண்டியது ஐந்து நிமிடம்கூட இல்லை. பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம்.

குக்கரால் முடியாத ஒன்று உண்டு. வறுத்த கறியின் மணமும் செம்பழுப்பு நிறமும் புரதமும் சர்க்கரையும் 140 டிகிரியையொட்டிய சூட்டில் வினைபுரிந்து வருபவை. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பெயராலேயே இந்த வினை வழங்குகிறது. தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு வராது. நாம் வேகவைத்த கறியைத் தேங்காய்ச் சில்லோடும் கறிவேப்பிலையோடும் இரும்புச் சட்டியில் சுருள வறுக்கும்போது செய்வது இதைத்தான். முதலில் வதக்கினால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பியது. எடை போட்டுப் பார்த்த சோதனைகளில் அது நிற்கவில்லை. மணத்துக்காக வதக்குங்கள், சாற்றுக்காக வேண்டாம்.

அவசரத்துக்கு இன்னொரு துணை கொத்துக்கறி. இழையையும் சவ்வையும் இயந்திரமே பொடியாக அறுத்துவிடுவதால் பதினைந்து நிமிடத்தில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஆகிவிடும். ஆனால் முழுத்துண்டில் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகள் கொத்தும்போது உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத கொத்துக்கறி பர்கர்களால் ஈகோலை கிருமி பரவி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கொத்துக்கறியின் நடுப்பகுதியும் 71 டிகிரியை எட்ட வேண்டும். நிறத்தை நம்பி இறக்காமல், தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வதக்கும் நம் வழக்கமே பாதுகாப்பானது. வாங்கிய அன்றே சமைத்துவிடுவதும் நல்லது.

வாரநாட்களின் பெரும் உதவி ஞாயிறு மதியம் நடக்கலாம். இரண்டு கிலோ கறியை உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டோடு மட்டும் வேகவைத்து மூன்றாகப் பிரித்தால் ஒன்று அன்றைய குழம்புக்கு, ஒன்று செவ்வாய்க்கிழமை வறுவலுக்கு, ஒன்று ஃப்ரீசருக்கு. வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலையில் மேலே வெள்ளைக் கொழுப்பு ஏடாகப் படிந்து, அடியில் சாறு கட்டியாக உறைந்து ஆடும். அதுதான் கரைந்த கொலாஜன். ஏட்டை வழித்தெடுத்துவிட்டு மீதியை வெள்ளைச் சோற்றுக்கோ கஞ்சிக்கோ சேர்க்கலாம்.

ஆனால் பெரிய பாத்திரத்தோடு இரவு முழுக்க வெளியே ஆறவிடுவது ஆபத்து. கொதித்த பிறகும் பிழைத்திருக்கும் சில பாக்டீரிய வித்துகள், குழம்பு மெல்ல ஆறும் நேரத்தில் முளைத்துப் பெருகும். அகலமான தட்டுகளில் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள், நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். எடுத்துச் சூடாக்கும்போது கொதி வரவேண்டும்.

விடியற்காலையில் வெட்டிய பச்சைக் கறியை வாங்கிவந்த கையோடு ஃப்ரீசரில் போடுவதும் சரியில்லை. வெட்டியபின் தசையில் வரும் விறைப்பு வந்து அடங்குமுன் உறைந்த கறி, உருகும்போது கடுமையாகச் சுருங்கி இன்னும் முரடாகிவிடும். பெரிய துண்டாகவே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஓரிரு நாள் வைத்திருந்தால் தசையிலுள்ள நொதிகளே அதை இளக்கத் தொடங்கும்.

இத்தனை மெனக்கெடலுக்கும் காரணம் உண்டு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கீரையின் இரும்பைவிடக் கறியின் இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கூடவே முருங்கைக்கீரை இருந்தால் அதன் இரும்பும் கூடுதலாகச் சேரும். அதே வேளை, செவ்விறைச்சி மிகுந்தால் குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும் என்பதால், சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் பரிந்துரைக்கிறது.

அடுத்தமுறை கடையில் “ஒரு கிலோ போடுங்க பாய்” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தப் பகுதி, காளையா எருமையா, எத்தனை மணிக்கு வெட்டியது என்று கேளுங்கள். அடுப்பில் எத்தனை நிமிடம் என்பதை இந்த மூன்று பதில்களும் சொல்லிவிடும்.