மனசுக்குள்ள ஒரு செக்போஸ்ட்!

சனிக்கிழமை சாயங்காலம். நாடுகாணி ஜங்ஷன். ஒரு ரோடு பந்தலூருக்கு, ஒண்ணு நிலம்பூருக்கு, இன்னொண்ணு கூடலூருக்கு. நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. எதிர்ல உங்க க்ளாஸ்மேட் பைக்ல வர்றான். சந்தோஷமா கையை ஆட்டுறீங்க. அவன் திரும்பிக்கூடப் பார்க்காம போயே போயிட்டான்!

அடுத்த செகண்ட் மனசுக்குள்ள என்ன ஓடும்? ‘பார்த்தும் பார்க்காத மாதிரி போறான் பாரு. நேத்து நோட்ஸ் தரலைங்கிற கடுப்பு. இன்டர்னல்ல நமக்கு மார்க் ஜாஸ்தி வந்ததுலேர்ந்தே ஆளு சரியில்லை...’ பஸ் வர்றதுக்குள்ள ஒரு மெகா சீரியலே ரெடி! ஆனா, அன்னிக்கு ரோடு முழுக்கப் பனிமூட்டம். ஹெல்மெட் கண்ணாடியில ஈரம். அவனுக்கு உங்களைத் தெரியவே இல்லையோங்கிற சந்தேகத்துக்கு மட்டும் அந்த சீரியல்ல ஒரு சீன்கூடக் கிடையாது.

இதுல நீங்க தனி ஆள் இல்லை. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். மூணும் அங்கேயும் இங்கேயும் நகரும். அவ்வளவுதான் படம். ‘என்ன பார்த்தீங்க?’ என்று 34 பேரிடம் கேட்டார்கள். ‘வடிவங்கள் நகர்ந்தன’ என்கிற ரீதியில் சொன்னது ஒரே ஒருத்தர். மத்தவங்க கதையே சொல்லிட்டாங்க. பெரிய முக்கோணம் அடாவடிப் பேர்வழியாம், மத்த ரெண்டும் காதலர்களாம்! முக்கோணத்துக்கே வில்லன் வேஷம் கட்டுற நாம, கூடப் படிக்கிறவனை விட்டுவைப்போமா?

நாம லேட்டா வந்தா, பஸ் லேட். அவன் லேட்டா வந்தா, சோம்பேறி. இப்படி அடுத்தவங்க சூழ்நிலையைப் பார்க்காம குணத்தின் மேல பழி போடுறதை ‘அடிப்படைக் கணிப்புப் பிழை’ என்கிற அர்த்தத்தில் 1977-ல் பெயர் வைத்துச் சொன்னார் லீ ராஸ் என்ற உளவியலாளர்.

இது காலேஜ் கேட்டோட முடியற சமாச்சாரமும் இல்லை. 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூடலூர், மசினகுடி பக்கம் எல்லோர் வாயிலும் இருந்தது ‘டி23’ புலிதான். நாலு பேர் சாவுக்கு அது காரணம் என்று சொல்லப்பட்டது. ‘சுட்டுப் பிடிங்க’ என்றது ஒரு பக்கம், ‘சுடக்கூடாது’ என்றது மறுபக்கம். ‘இவங்களுக்கு எங்க உயிர் பெருசில்லை’, ‘இவங்களுக்குக் காட்டைப் பத்தி அக்கறையில்லை’ என்று ஆளாளுக்கு அடுத்தவர் மனசைப் படித்தார்கள்.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. விடிஞ்சதும் இடுப்பளவு தேயிலைச் செடிக்குள்ள இறங்கி வேலை பார்க்கணும். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டணும். பயப்படாம எப்படி இருக்க முடியும்? எதிர்த்தரப்பு கேட்டதும் நியாயம்தான்: வேற புலியைச் சுட்டுட்டா, திரும்ப உயிர் கொடுக்க முடியுமா? ரெண்டு பேருமே காரணத்தை ஒளிச்சு வைக்கலை. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் குறைவு. உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். 21 நாள் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15-ம் தேதி அந்தப் புலி உயிரோடு பிடிபட்டு மைசூருக்குப் போனது.

நாடுகாணி கேரள எல்லை. இங்கே செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துவார்கள். தடை செய்த பிளாஸ்டிக் இருக்கா என்று பார்ப்பார்கள். 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபிறகு அதையும் கேட்டார்கள். டிரைவர் மூஞ்சியைப் பார்த்தே ‘உள்ளே சரக்கு இதுதான்’ என்று எழுதிவிட முடியுமா? டிக்கியைத் திறந்து பார்க்கணும் இல்லையா? நம்ம மனசு செக்போஸ்ட்தான் திறக்காமலே பறிமுதல் பண்ணிடுது!

அதுக்காக எல்லாரையும் கண்ணை மூடிட்டு நம்பணுமா? வேண்டவே வேண்டாம். வாங்கின கடனை மூணு தடவை திருப்பித் தராதவனோட உள்நோக்கத்தை ஆராய்ச்சி பண்ணாதீங்க. நாலாவது தடவை கொடுக்காதீங்க, அவ்வளவுதான். ஒருத்தரோட நடத்தை பயத்தைத் தருதா? ‘அவர் நல்ல எண்ணத்துலதான் செய்யறாரோ’ன்னு குழம்பாம விலகுங்க, நம்பிக்கையானவங்ககிட்ட உடனே சொல்லுங்க. செயலுக்கு ஏத்த முடிவு எடுக்க மனசைத் தோண்ட வேண்டியதில்லை.

மத்த விஷயத்துக்கெல்லாம் ஒரே வழி, கேட்டுடறது. அதுவும், ‘ஏன்டா என்னை அவாய்ட் பண்றே?’ன்னு தீர்ப்போட ஆரம்பிக்காதீங்க. ‘சனிக்கிழமை நாடுகாணில கையாட்டினேனே, பார்க்கலையா?’ன்னு நடந்ததை மட்டும் சொல்லுங்க.

‘டேய், எப்போடா? பனியில ஒண்ணுமே தெரியலைடா!’ என்று பதில் வரலாம். இல்லை, நிஜமாவே கோபமாகவும் இருக்கலாம். இருந்தால் என்ன? அதையும் அவன் வாயாலயே கேட்டுட்டு, கேன்டீன்ல ஒரு டீயோட பேசித் தீர்த்துக்கலாமே!