அக்கரையில் அமெரிக்கக் குடித்தனம்! தெரியுமா உங்களுக்கு?

மணமேல்குடி கோடியக்கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் எது தெரியுமா? யாழ்ப்பாணம்! நேர்க்கோடு போட்டால் நூறு கிலோமீட்டர்கூட வராது. இங்கிருந்து பஸ் ஏறித் திருச்சிக்குப் போகிற தூரத்தைவிடக் குறைச்சல்! இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த அக்கரையில் அமெரிக்காவிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள் வரிசையாகக் குடித்தனம் போட்டார்கள். ஓலைச்சுவடியில் தமிழ் படித்தார்கள், தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், பலர் அங்கேயே செத்தும் போனார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை ஒரு வைக்கோற்போரில் தொடங்குகிறது, நம்புவீர்களா? 1806 ஆகஸ்டு மாதம். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபம் செய்யப் போனார்கள். இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ள, வைக்கோற்போருக்கு அடியில் ஒதுங்கினார்கள். அங்கேயே பேச்சு ஆசியாவுக்கு ஊழியர் அனுப்புவது பற்றித் திரும்பியது. நாலே வருஷம், 1810-ல் அமெரிக்கன் போர்டு என்கிற மிஷன் சங்கம் பிறந்துவிட்டது! அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். மனைவி சாராவோடு யாழ்ப்பாணம் வந்தவர், 1822-ல் தெல்லிப்பழையில் கண்ணை மூடினார்.

நம் கரைக்கும் மிஷனரிகள் புதியவர்கள் அல்ல. தொண்டிக்குப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ந் தேதி தலை வெட்டப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, கத்தோலிக்கத் துறவி. அவர் வகையறாவுக்குக் குடும்பம் கிடையாது. தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு புராட்டஸ்டண்ட். ஜெர்மனிக்குப் போய்க் கல்யாணம் கட்டி, 1716-ல் மரியா டொரோத்தியாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். ஆனால் அமெரிக்கன் போர்டு இன்னும் ஒருபடி மேலே போனது. பெண்டாட்டியோடு போவதே நல்லது என்பது அவர்கள் கட்சி! அதனால் பலரும் கல்யாணம் முடித்த கையோடு கப்பலேறினார்கள். அந்தப் பெண்களுக்குப் போர்டு கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? ‘உதவி மிஷனரி’! பள்ளிக்கூடம் நடத்தினாலும் சரி, பிரசவத்தில் செத்தாலும் சரி, உதவிதான்.

அந்த வரிசையில் முதலில் பலியான பெண்ணின் வயசைக் கேட்டால் ஆடிப்போவீர்கள். பத்தொன்பது! ஹாரியட் நியூவெல் என்று பெயர். 1812-ல் கணவர் சாமுவேலோடு கல்கத்தா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தங்க விடவில்லை. மொரீஷியஸுக்குப் போனார்கள். அந்த வருஷம் நவம்பரில் அங்கேயே இறந்தார். தனியாளாய் நின்ற சாமுவேல் அடுத்த வருஷம் இலங்கைக்கு வந்து, ‘யாழ்ப்பாணம்தான் நமக்குத் தோதான இடம்’ என்று ஊருக்கு எழுதினார். கம்பெனி ஆட்சி அந்தத் தீவில் இல்லை. கவர்னர் பிரவுன்ரிக் வாருங்கள் என்றார். அக்கரைக்கு அமெரிக்கர்கள் வந்த காரணம் அவ்வளவுதான்.

இந்த ஹாரியட்டின் சாவு எங்கே போய்ப் பலித்தது என்று பாருங்கள். நியூயார்க்கில் ஒரு பூகோள வகுப்பு. வாத்தியார் படத்தில் மொரீஷியஸைத் தொட்டுக் காட்டி, ஹாரியட் நியூவெல் கல்லறை இங்கேதான் இருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருந்த எட்டு வயசுச் சிறுமி எலைசா அக்னியூ, நானும் மிஷனரியாவேன் என்று அன்றே முடிவு கட்டினாளாம். 1840-ல் யாழ்ப்பாணம் வந்தார். நாற்பத்து மூன்று வருஷம்! ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1883-ல் மானிப்பாயில் இறந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத அவருக்கு ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று பெயர்.

சரி, தம்பதிகள் விஷயத்துக்கு வருவோம். 1815 அக்டோபர் 23-ல் நியூபரிபோர்ட் துறையிலிருந்து ‘டிரையட்’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. கொழும்பைத் தொட்டது 1816 மார்ச் 22-ல். ஐந்து மாதம், தண்ணீரைத் தவிர வேறு காட்சி இல்லை! டேனியல் பூவர் – சூசன், பெஞ்சமின் மெய்க்ஸ் – சாரா, மேலே சொன்ன ரிச்சர்ட்ஸ் தம்பதி எல்லோரும் அதில் வந்தவர்கள். குடியிருக்க அரசாங்கம் கொடுத்தது, போர்த்துக்கீசர் கட்டி டச்சுக்காரர் புழங்கிக் கைவிட்டுப்போன பழைய கோயில்களும் அவற்றை ஒட்டிய வீடுகளும். வட்டுக்கோட்டைக் கோயிலுக்குக் கூரைகூடக் கிடையாது. அமெரிக்காவில் பனி கொட்டும் ஊரில் வளர்ந்த பெண், கடிதம் போட்டுப் பதில் வாங்கவே ஒரு வருஷம் ஆகும் இடத்தில், கூரை மேய ஆள் தேடுவதிலிருந்து குடும்பத்தை ஆரம்பிக்கிறாள்!

இன்னொரு கூத்து கேளுங்கள். 1820-ல் ஜேம்ஸ் காரட் என்ற அச்சுக்காரர் வந்து இறங்கினார். மூன்று மாதத்துக்குள் தீவை விட்டு வெளியேறு என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. புதிதாக அமெரிக்கர் யாரும் வரக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அந்தத் தடை நீங்கப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை என்ன செய்தார்கள்? நம் ஆட்கள் காலங்காலமாய்ச் செய்ததைத்தான்! பனை ஓலை, எழுத்தாணி. பிரசங்கத் துண்டுப் பிரதிகளை ஆள் வைத்து ஓலையில் எழுதி ஊர் ஊராய்க் கொடுத்தார்கள்.

இனி உடுவிலுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த ஊர் இதுதான். ஹாரியட் லாத்ராப், மைரன் வின்ஸ்லோவை மணந்த அதே 1819-ல் கப்பலேறி வந்தவர். 1824-ல் உடுவிலில் அவர் தொடங்கிய பெண்கள் பள்ளியை ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்கிறார்கள். பிள்ளை சேர்ப்பதுதான் பெரும்பாடு. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பது ஒருபக்கம். மிஷன் வீட்டில் கை நனைத்தால் சாதி என்னாவது என்பது இன்னொரு பக்கம். ஒரு நாள் மழையும் காற்றும் அடித்துக்கொண்டு வர, இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டில் மாட்டிக்கொண்டு அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்களாம். மறுநாள் வந்த தகப்பனார், சாப்பிட்டதும் ஆயிற்று, இனி நீங்களே வைத்துப் படிக்க வையுங்கள் என்று விட்டுவிட்டுப் போனாராம். பள்ளியைப் பற்றிப் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை இது.

படிப்பை முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது மிஷனே சீதனம் கொடுத்தது, தெரியுமா? ஆமாம், சீதனம்! படித்த பெண்ணை எவன் கட்டுவான் என்று பெற்றோர் கேட்டதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பதில் அது. ஊர் வழக்கத்தைத் திருத்த வந்தவர்கள் ஊர் வழக்கத்துக்கே படியளந்தார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசு இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் பள்ளி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

ஹாரியட்டைத் தொடர்ந்து அவருடைய தங்கைகள் மூன்று பேரும் மிஷனரிகளின் மனைவிகளாக இதே கடலைத் தாண்டி வந்தார்கள். கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் ஒரே வீட்டுப் பெண்கள் நால்வர்! நடந்தது என்ன? ஹாரியட் 1833 ஜனவரியில் இறந்தார். ஹாரியட் ஜோவன்னா என்ற தங்கையும் அவர் கணவர் ஜான் பெரியும் 1838-ல் வாந்திபேதியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் போனார்கள். மைரன் வின்ஸ்லோ ஐந்து முறை கல்யாணம் செய்தவர்; முதல் நான்கு மனைவியரும் அவருக்கு முன்பே இறந்தார்கள். அவர் பெயர் சொல்லும் தமிழ் – ஆங்கில அகராதி 1862-ல் சென்னையில் வெளிவந்தது. 67,000-க்கு மேற்பட்ட சொற்கள்! அதற்குச் சொல் திரட்டித் தந்தவர்களில் சாமுவேல் ஹட்சிங்ஸும் ஒருவர். அவர் யார் என்கிறீர்களா? ஹாரியட்டின் தங்கை எலிசபெத்தின் கணவர்! சகலை இருவரும் கைவைத்த அகராதி அது.

பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். படிப்புக்காகவும் உடம்புக்காகவும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹாரியட்டின் மூத்த மகன் சார்லஸ் அப்படிப் போனவன். அங்கேயே சின்ன வயசில் இறந்துபோனான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மகள், அம்மா பெயரே அவளுக்கும், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியைக் கட்டினாள். அவளுடைய பேரன் யார் தெரியுமா? ஐசனோவர் காலத்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ்! தம்பி ஆலன் டல்லஸ், சி.ஐ.ஏ.வின் தலைவர்! வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்குகிற நம்மூர்ப் பிள்ளைகள், உடுவில் பள்ளியைத் தொடங்கிய அம்மாவின் கொள்ளுப்பேரன் பெயரில் இறங்குகிறார்கள்!

மிஷன் பள்ளிகளில் படித்த தமிழர்களின் பெயரைப் பாருங்கள்: ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை... இந்தப் பெயர்களில் ஆர்னல்டும் கறோலும் எப்படி ஒட்டிக்கொண்டன? மாணவனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் யாராவது பணம் கட்டுவார்கள். கட்டியவர் பெயரையோ அவர் கேட்ட பெயரையோ பையனுக்கு வைத்துவிடுவார்கள். முகம் பார்க்காத உபயதாரர் பெயரோடு வாழ்ந்த ஆர்னல்ட், தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்று எழுதி 1886-ல் தந்தார். கறோலும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இந்த மிஷன் வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியில் படித்தவர்கள். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் இவர்களே!

டாக்டர் ஜான் ஸ்கடரைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள், பேத்தி ஐடா வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டியவர் என்பதால். ஆனால் தாத்தா ஏன் கிளம்பினார் தெரியுமா? நோயாளி வீட்டில் காத்திருந்தபோது ஒரு சின்னப் புத்தகம் கையில் கிடைத்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் சாமுவேல் நியூவெல், நம் பத்தொன்பது வயசு ஹாரியட்டின் கணவர்! கப்பல் கல்கத்தா சேர்ந்ததும் ஸ்கடர் தம்பதியின் பெண் குழந்தை இறந்தது. திரும்பிப் போகவில்லை, பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார்கள். பிற்பாடு அவர்கள் மகன்கள் ஏழு பேர் மிஷனரிகளானார்கள்.

1847-ல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்கள் தமிழில்! நாம் இன்னும் தமிழில் மருத்துவம் முடியுமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார் அவர். அந்தக் கல் அமெரிக்காவில் இருக்கிறது.

இவர்கள் நம் பக்கமும் தாண்டினார்கள். 1834-ல் யாழ்ப்பாணத்து அமெரிக்கர்கள் வந்து தொடங்கியதுதான் மதுரை மிஷன். உடன் வந்தவர்கள் நோயில் சாகச் சாக, தப்பிக்க மலைக்கு ஓடினார்கள். 1845-ல் இரண்டு பங்களா கட்டினார்கள். அந்த மலைக்கு இன்று தேனிலவுக்குப் போகிறோம், கொடைக்கானல்!

வந்தவர்களுக்கு ஊர் அப்படியே தலையாட்டிவிடவில்லை. படிப்பை எடுத்துக்கொண்டவர்கள் அதிகம். மதம் மாறியவர்கள் குறைவு. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலரே வெளியே வந்து சைவப் பள்ளிகளும் அச்சுக்கூடமும் தொடங்கி எதிர்வாதம் செய்தார். பாண்டியனின் அமைச்சராக இருந்து, சமணர்களோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் பக்கம் நின்ற குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேல்குடி. இப்படிப்பட்ட சண்டையைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று; இதைக் கேட்டால்தான் மூச்சே நின்றுவிடும். 1900-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் ‘அயல்நாட்டு’ மிஷன் சங்கம் ஒன்று வைத்து, கைக்காசு போட்டு ஊழியர்களை அனுப்பினார்கள். எந்த அயல்நாட்டுக்கு? தொண்டிக்கு! மணமேல்குடியிலிருந்து இதே கரையில் நாற்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கிற தொண்டிதான்! அவர்கள் கணக்கில் நாம்தான் வெளிநாடு!

1902-ல் யாழ்ப்பாணம் போன திருநெல்வேலி வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைப் பார்த்து அசந்துவிட்டார். திரும்பி வந்து 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் அமையக் காரணமானார். வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் 1898-ல் அன்பு மாரியம்மாளை மணந்தபோது சீதனம் வேண்டாம் என்று சொன்னவர். 1909-ல் நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார். புது மொழி தெலுங்கு, புது ஊர், புதுச் சாப்பாடு. 1816-ல் சூசன் பூவருக்கு நேர்ந்த அதே கதை, இந்த முறை தமிழ்க் குடும்பத்துக்கு! பெண்களிடையே பணியை அன்பு அம்மாள் முன்னின்று நடத்தினார். கணவர் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். அசரியா பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்பு அம்மாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியது. ஓடுகிற காலம் பார்த்து ஒருமுறை போய்வாருங்கள். இறங்கினால் தெல்லிப்பழை பக்கந்தான். உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். உடுவில் பள்ளி 2024-ல் இருநூறு வயசைத் தாண்டி இன்றும் நடக்கிறது. பார்த்துவிட்டு வந்து, அங்கே படித்த பாட்டிமார் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கொஞ்சம் எழுதி வையுங்கள்.