நாலாவது புளியோதரைப் பொட்டலம்!

வர்ற சனிக்கிழமை என்ன பிளான் பாஸ்? சினிமாவா? சரி, அது சாயங்காலம் இருக்கட்டும். காலையில் ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்து அழகர்கோவில் வரைக்கும் போய்ட்டு வாங்களேன். மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர்தான். புரட்டாசி சனி என்றால் இன்னும் நல்லது. சீட் மட்டும் கிடைக்காது.

இறங்கி, பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதிப் பக்கம் நடங்கள். ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஸாரி, பார்க்க மாட்டீர்கள். சில்லறை இருக்கா என்று பாக்கெட்டைத்தான் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே குரங்கு ஒன்று யாரோ ஒரு அக்காவின் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அதைத்தான் செல்போனில் படம் எடுப்பீர்கள். நாம எல்லோருமே அப்படித்தான்.

நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பம் ஒரு புளியோதரைப் பொட்டலம் கொடுக்கும். பர்த்டே கொண்டாட வந்த காலேஜ் கேங் ஒன்று கொடுத்து, கூடவே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளும். நாலாவது பொட்டலத்தோடு நீங்கள் போய், "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டால், "ஆச்சு ராசா... காலையில இருந்து இதான்" என்று பதில் வரலாம். திகைக்காதீர்கள். மேட்டரே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோறு போடுவதில் மதுரையை யாரும் குறை சொல்ல முடியாது. சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கினால், வைகை வரைக்கும் வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் அன்னதானமும்தான். தமிழகக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியது. 2013-ல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்தது. பசி போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆனால், நாம் ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டு 'கடமை முடிஞ்சது' என்று கிளம்பிவிடுகிறோமே, அந்தத் தாத்தாவுக்கு வேறு என்னவெல்லாம் இல்லை என்று கேட்டோமா?

கேட்டவர் ஒருத்தர் மதுரையிலேயே உண்டு. நாராயணன் கிருஷ்ணன். பெங்களூரு தாஜ் ஹோட்டலில் செஃப். சுவிட்சர்லாந்து வேலை ரெடி. 2002-ல் ஊருக்கு வந்தபோது ஒரு காட்சியைப் பார்க்கிறார். பாலத்தடியில் ஒரு முதியவர், பசி தாங்காமல் தன் மலத்தையே எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறார். ஓடிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். சுவிட்சர்லாந்து அதோடு கேன்சல். 2003-ல் அட்சயா டிரஸ்ட். 2010-ல் சி.என்.என். தேர்ந்தெடுத்த டாப் 10 ஹீரோக்களில் ஒருவர். 'உஸ்தாத் ஹோட்டல்' மலையாளப் படத்தில் (2012) மதுரை எபிசோட் வருமே, அதற்கு இன்ஸ்பிரேஷன் இவர்தான்.

இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அவர் சாப்பாட்டு வண்டியோடு சீப்பு, கத்தரிக்கோல், ரேஸரும் எடுத்துப் போனார். எட்டு விதமான ஹேர்கட் கற்றுக்கொண்டு, தெருவில் கிடந்தவர்களுக்குத் தானே முடி வெட்டி, ஷேவ் செய்து, குளிப்பாட்டினார். பிராமணக் குடும்பம், வீட்டில் எதிர்ப்பு. 'ஒருநாள் வந்து பாருங்க' என்று அழைத்துப் போனார். பார்த்த அம்மா, நீ அவர்களுக்குச் சோறு போடு, உனக்கு நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். பொட்டலத்தை ஒரு அடி தள்ளி நின்று நீட்டிவிடலாம். ஷேவ் செய்யும்போது தள்ளி நிற்க முடியுமா?

"உழைக்காம உட்கார்ந்து திங்கிறாங்க" என்று சொல்லும் ஃப்ரெண்ட் உங்கள் செட்டில் கட்டாயம் இருப்பார். அவருக்கு ஒரு தகவல். 2020 கொரோனா சமயத்தில், மதுரையில் பிச்சை எடுத்துவந்த ஒரு முதியவர், முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10,000 ரூபாய் வீதம் பல தடவை கொடுத்தார். கலெக்டர் ஆபீஸுக்கே வந்து கொடுத்தார். உங்கள் ஃப்ரெண்ட் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்!

இன்னும் சிலர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள். மனநலம் சரியில்லாதவர்களை வழிபாட்டுத் தலங்களில் கொண்டுவந்து விடும் வழக்கம் நம்மூரில் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதும் அப்படிப்பட்ட ஒரு இடத்தில்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இப்படித் திரிபவர்களை போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் அதுவும் தொண்டுதான்.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருவோம். 60 வயதைத் தாண்டிய ஆதரவற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. 1,000 ரூபாயாக இருந்தது, 2023-ல் 1,200 ஆனது. ஆனால் ஆதார் வேணும், ரேஷன் கார்டு வேணும், பேங்க் பாஸ்புக் வேணும். ஆதாருக்கு முகவரி வேணும். முகவரிக்கு? வீடு வேணும். வடிவேலு காமெடி மாதிரி இருக்கிறது இல்லையா? அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் சேர்ந்தால், அவர்கள் தரும் சான்றிதழே முகவரிக்குச் செல்லும். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லிவிட்டது. மதுரை மாநகராட்சியில் 2011 கணக்குப்படியே 10 லட்சத்துக்கு மேல் ஜனம். எத்தனை காப்பகம் இருக்கணும் என்று வகுத்துக்கொள்ளுங்கள். எத்தனை இருக்கிறது, ராத்திரி எத்தனை கட்டில் காலி என்று போய் விசாரித்தால் ஒரு சூப்பர் ப்ராஜெக்ட் ரெடி.

என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்கு. ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப்பில் பார்த்தீனியம் செடி பிடுங்கியே பாதி நேரம் போய்விடும். (செடியும் அடுத்த மழைக்கே திரும்ப வந்துவிடும்.) அதில் பத்து மணி நேரத்தை ஒரே ஒரு தாத்தாவுக்கு ஒதுக்குங்களேன். முதல் நாள் போட்டோ வேண்டாம், பொட்டலமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பேர் என்ன, எந்த ஊர், கடைசியாக எப்போ வீட்டுக்குப் போனீங்க என்று கேளுங்கள். சொல்ல மாட்டார். திட்டினாலும் திட்டுவார். இரண்டாவது வாரம் போங்கள். அவருக்கு உங்கள் முகம் அடையாளம் தெரிந்தால், பையிலிருந்து ஏதாவது ஒரு பழைய காகிதம் வெளியே வரலாம்.

வந்துவிட்டதா? திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவரையும் கூட்டிப் போங்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே உட்காருங்கள். மறக்காமல் இரண்டு பேனா எடுத்துப் போங்க பாஸ். வரிசையில் யாராவது ஒன்று கேட்பார்கள், அது திரும்ப வராது.