மகரந்தத் துகளும் மலர்களின் வரலாறும்

ஆரணியிலே பட்டு நெய்யும் நெசவாளருக்கும், திருவண்ணாமலையைச் சூழ்ந்த புஞ்சைகளிலே மணிலாக்கொட்டை பயிரிடும் விவசாயிக்கும் முதற்பொருள் ஒன்றே. அது பூக்கும் தாவரம். நெல், கரும்பு, பருத்தி யாவும் பூக்கும் இனத்தைச் சேர்ந்தவை. பட்டுப்பூச்சிக்கு இரையாகும் மல்பெரி இலையும் அத்தகைய செடியின் இலையே. ஆயினும், நிலத்திலே தாவரங்கள் தோன்றிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்ற பின்னரே பூ தோன்றிற்று. அது எப்பொழுது, எவ்வாறு தோன்றியது? 1879-ம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இதனை விளங்காப் புதிராகக் குறித்தார். பழம் பாறைகளில் பூக்கும் தாவரங்கள் திடீரெனப் பலவகையாய்க் காணப்பட்டதே அவருடைய திகைப்புக்குக் காரணம். அப்புதிரின் ஒரு பகுதியை விடுவித்த பெருமை கண்ணுக்குப் புலனாகாத மகரந்தத் துகளுக்கு உரியது.

அழியாத மேலுறை

இதழ் வாடிவிடும், இலை மக்கிவிடும். மகரந்தத்தின் மேலுறை மட்டும் எளிதில் அழிவதில்லை. ஸ்போரோபொலெனின் என்னும் உறுதியான பொருளால் அது ஆகியது. சேற்றிலோ ஏரியடியிலோ காற்றுப் புகாமல் புதையுமாயின் பல கோடி ஆண்டுகள் உருக்குலையாது இருக்கும். அப்படிவுகள் இறுகிய பாறையை ஆராய்ச்சியாளர் பொடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் மணற்சத்தையும் கரைக்கின்றனர். கல் கரைந்துபோக, மகரந்தம் எஞ்சி நிற்கிறது! ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையுள்ள அத்துகள்களை மைக்ராஸ்கோப்பின் உதவியால் காண்கின்றனர்.

துளை சொல்லும் குலம்

சேலையின் கரையைக் கண்டு ஊரைச் சொல்லும் நெசவாளர் நம்மிடையே உண்டு. அதுபோல மகரந்தத்தின் உருவைக் கண்டு தாவரக் குலத்தைச் சொல்லலாம். பருத்தியின் மகரந்தம் முட்கள் நிறைந்த உருண்டை. நெல்லினுடையது வழவழப்பான மேனியும் ஒரே துளையும் உடையது. மணிலாக்கொட்டையினுடையது மூன்று பிளவுகள் உடையது.

ஒற்றைப் பிளவு பூவாத சைகஸ் போன்ற மரங்களிலும் உண்டு. ஆகவே, உறையின் உள்ளமைப்பையும் பார்த்தல் வேண்டும். பூக்கும் தாவரங்கள் பலவற்றின் மகரந்த உறையில், கீழ்த்தளத்துக்கும் மேற்கூரைக்கும் இடையே நுண்ணிய தூண்கள் நிரையாக நிற்கின்றன. ஆயிரங்கால் மண்டபத்தைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பை விளக்க வேண்டுவதில்லை. இத்தகைய ஒற்றைப் பிளவு மகரந்தம் ஏறத்தாழ 13½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில் முதன்முதலாகக் காணப்படுகிறது. மூன்று பிளவுடையது ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தலைகாட்டுகிறது. இன்றுள்ள பூக்கும் தாவர வகைகளில் ஏறக்குறைய முக்காற்பங்கு இப்பிற்காலக் குலத்தைச் சேர்ந்தவை. பருத்தியும் மணிலாவும் மல்பெரியும் அதிலே அடங்கும். டார்வின் திடீரெனக் கண்ட பெருக்கம், அடுக்கடுக்காக நிகழ்ந்த வளர்ச்சியென இவ்வரிசையால் தெளிவாயிற்று. மரபணுக்களைக் கொண்டு கணக்கிடுவோர் சிலர் பூவின் தோற்றம் இன்னும் தொன்மையானது என்பர். அதுபற்றிய விவாதம் முடிந்தபாடில்லை.

நெய்வேலியும் புதுச்சேரியும்

அண்ணாமலையின் கல்லிலே மகரந்தத்தைத் தேடுதல் வீண், இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பாறை பூவினும் மிக மூத்தது, கடுவெப்பத்தில் உருவாகியது. கிழக்கே செல்லச் செல்ல, நீரில் படிந்த இளம் பாறைகள் எதிர்ப்படுகின்றன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ பண்டைக் காடொன்றின் எச்சம். அதிலுள்ள மகரந்தங்களை ஆராய்ந்து சி. ஜி. கே. ராமானுஜம் 1966-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். பனைக் குடும்பத்து மகரந்தங்களும் அந்நிலக்கரியிற் கிடைத்துள்ளன.

பழைய துகளை இனங்காண, இன்றுள்ள செடிகளின் மகரந்தம் ஒப்புநோக்கக் கையில் இருத்தல் அவசியம். 1955-ல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென 20,000-க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்துள்ளது. சென்னையிற் பிறந்த கணபதி தணிகைமணி அங்கே மகரந்தவியற் கூடத்தை நடத்திவந்தார். எந்தச் செடியின் மகரந்தம் எந்த நூலில் விவரிக்கப்பட்டுள்ளது என்பதை உலகோர் அறியுமாறு பெரும் அட்டவணை தொகுத்தளித்தவர் அவர். 1986 செப்டம்பர் 5-ம் நாள் கராச்சியில் நடைபெற்ற விமானக் கடத்தலில் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பத்தெட்டே! அவர் தொகுத்த கணக்கு இன்றும் பலருக்குப் பயன்படுகிறது. ஒருவர் உழைப்பைப் பலர்க்கும் பொதுவாக்குதல் கூட்டுறவின் உயிர்நாடியன்றோ?

நெல்லின் மூதாதையர்

புல்லினத்தின் மகரந்தங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருத்தலின், நெல்லின் வரலாற்றை அவற்றால் மட்டும் பிரித்தறிதல் அரிது. இங்கே வேறொரு சான்று துணைபுரிந்தது. புல்லின் திசுக்களில் உறையும் மணற்சத்துத் துகள்களும் அழியாதவை. மகாராஷ்டிரத்துப் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாய் மாறிய சாணத்தில் இத்துகள்கள் இருப்பதை லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்து வந்தனா பிரசாத்தும் துணைவரும் 2005-ல் அறிவித்தனர். டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே, அதாவது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, இந்நாட்டில் புல் இருந்தது! நெற்குடும்பத்தைச் சேர்ந்த புல்லும் அவற்றுள் இருந்ததென 2011-ல் விளக்கினர்.

நாம் செய்யத்தக்கது

மண்ணடுக்குகள் இயற்கையின் பேரேடுகள். ஏடு கிழிந்தால் கணக்குத் தப்பும். திருவக்கரைக் கல்மரத்தில் ஒரு துண்டையும் வேடிக்கைக்காக எடுத்து வருதல் தகாது. கிணறோ குளமோ தோண்டும்போது கறுத்த களிமண், கரிப்படலம், இலைத்தடம் ஆகியவை தென்பட்டால், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் தாவரவியல் அல்லது நிலவியல் துறைக்குத் தெரிவிக்கலாம். ஆழம் குறிக்கப்படாத மண் தேதியில்லாத ரசீதை ஒக்கும். சங்கத்துக் காரியதரிசிகள் இச்செய்தியை அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.