ஸ்டெயர்

ஸ்டெயர் ஆஸ்திரியா நாட்டின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் அமைந்துள்ள ஒரு நகரம் ஆகும். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் ஏறத்தாழ 'ஷ்டையர்' என ஒலிக்கப்படுகின்றது. என்ஸ் ஆறும் ஸ்டெயர் ஆறும் ஒன்று சேரும் இடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 38,000 மக்கள் வாழும் இந்நகரம், லின்ஸ், வெல்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரமாகும்.

அளவில் சிறியதாயினும் ஐரோப்பாவின் தொழில் வரலாற்றில் ஸ்டெயருக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. இடைக்காலத்தில் இரும்பு வணிகம், 19 ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி உற்பத்தி, 20 ஆம் நூற்றாண்டில் வாகன உற்பத்தி என ஒவ்வொரு காலத்திலும் ஒரு தொழிலே இந்நகரை வளர்த்தது. அத்தொழில் தளர்ந்தபோதெல்லாம் நகரமும் பெரும் இன்னலுக்கு உள்ளானது.

புவியியல்

ஸ்டெயர் நகரம் மாநிலத் தலைநகரான லின்சுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. என்ஸ் ஆறு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் தோன்றி, வடக்கு நோக்கிப் பாய்ந்து தன்யூப் ஆற்றில் கலக்கின்றது. அதன் துணையாறான ஸ்டெயர் மேற்கிலிருந்து வந்து நகரின் நடுவே அதனுடன் சேர்கின்றது.

பழைய நகரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நகரச் சதுக்கமும் வணிகர்களின் வீடுகளும் உள்ளன. ஸ்டெயர் ஆற்றின் மறுகரையில் அமைந்த ஸ்டெயர்டோர்ப், கைவினைஞர்கள் வாழ்ந்த பகுதியாகும். என்ஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் என்ஸ்டோர்ப் உள்ளது. ஆறுகள் கூடும் இடத்துக்கு மேலுள்ள பாறைமேட்டில் லாம்பெர்க் மாளிகை நிற்கின்றது.

இரு ஆறுகளின் பயன்களும் வேறுவேறானவை. என்ஸ் ஆறு சரக்குகளைக் கொண்டுவரும் பாதையாக விளங்கியது. ஸ்டெயர் ஆற்றிலிருந்து பிரியும் வேர்கிராபென் என்னும் வாய்க்கால் சக்கரங்களைச் சுழற்றும் விசையைத் தந்தது. மூலப்பொருளும் இயக்கும் விசையும் ஒரே இடத்தில் கிடைத்தமையே இங்குத் தொழில் வளர்ந்ததற்கு அடிப்படைக் காரணமாகும்.

தோற்றம்

பாறைமேட்டில் இருந்த பழைய கோட்டை 'ஸ்டிராபுர்க்' என அழைக்கப்பட்டது. இது 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. 980 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, 1980 ஆம் ஆண்டில் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா கொண்டாடப்பட்டது.

இக்கோட்டை ஒட்டோக்கர் மரபினரின் இருப்பிடமாக இருந்தது. இவர்கள் தெற்கே இருந்த எல்லைப்புற நாட்டையும் ஆண்டனர். ஸ்டெயரின் தலைவர்களுக்கு உரிய நாடு என்னும் பொருளில் அந்நாடு 'ஸ்டையர்மார்க்' எனப் பெயர் பெற்றது. இன்று ஸ்டீரியா என ஆங்கிலவழி அறியப்படும் ஆஸ்திரிய மாநிலம் இதுவேயாகும். 1192 ஆம் ஆண்டில் ஒட்டோக்கர் மரபின் கடைசி ஆட்சியாளர் வாரிசின்றி இறந்தார். அவர் 1186 ஆம் ஆண்டில் செய்திருந்த உடன்படிக்கையின்படி ஆட்சி பாபென்பெர்க் மரபினருக்குச் சென்றது. 13 ஆம் நூற்றாண்டில் ஸ்டெயர் நகரம் ஸ்டீரியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே தன் பெயரைக் கொண்ட மாநிலத்துக்கு வெளியே இந்நகரம் இன்று அமைந்துள்ளது. ஆயினும் பச்சை நிறப் பின்னணியில் வெண்சிறுத்தை இருவருடைய சின்னத்திலும் காணப்படுகின்றது.

இரும்பு வணிகம்

ஸ்டெயருக்குத் தெற்கே, ஸ்டீரியாவில் எர்ஸ்பெர்க் என்னும் இரும்புத்தாது மலை உள்ளது. அம்மலையின் வடபகுதியில் உருக்கப்பட்ட இரும்பு, என்ஸ் ஆற்றின் வழியாகத் தெப்பங்களிலும் படகுகளிலும் ஸ்டெயருக்குக் கொண்டுவரப்பட்டது.

1287 ஆம் ஆண்டில் ஹாப்ஸ்பர்க் மரபைச் சேர்ந்த முதலாம் ஆல்பிரெக்ட் ஸ்டெயருக்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினார். அதன்படி, நகரின் வழியே இரும்பும் மரமும் கொண்டுசெல்லும் வணிகர்கள் அவற்றை மூன்று நாட்கள் நகரில் நிறுத்தி, நகர மக்களுக்கு முதலில் விற்பனைக்கு வைக்க வேண்டும். அதன் பின்னரே எஞ்சிய சரக்குடன் அவர்கள் மேலே செல்ல இயலும். இரும்பு மலை எதுவும் இல்லாத ஸ்டெயர் இரும்பினால் செல்வம் பெற்றது இவ்வாறே ஆகும். சுரங்கம் வேறிடத்தில் இருந்தது; அதன் வாயில் ஸ்டெயரிடம் இருந்தது.

நகருக்கு வந்த இரும்பில் ஒரு பகுதி வெளியூர்களுக்கு விற்கப்பட்டது. மற்றொரு பகுதியைக் கொண்டு ஸ்டெயர்டோர்ப்பிலும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலும் வாழ்ந்த கொல்லர்கள் கத்திகளும் பிற கருவிகளும் செய்தனர். வாய்க்கால் நீரால் இயங்கிய சம்மட்டிகளும் சாணைக்கற்களும் இப்பணிக்குப் பயன்பட்டன. ஸ்டெயர் வணிகர்கள் வெனிசு வரை சென்று வணிகம் செய்தனர். இரும்பு மலைப் பகுதியில் வேளாண்மை குறைவாதலால், ஆற்றின் எதிர்த்திசையில் தானியமும் பிற உணவுப் பொருட்களும் அனுப்பப்பட்டன. கரையிலிருந்து குதிரைகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றன.

இச்செல்வத்தின் அடையாளங்களை இன்றும் காணலாம். 1443 ஆம் ஆண்டில் ஹன்ஸ் புக்ஸ்பாம் என்னும் கட்டடக் கலைஞர் நகரத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். நகரச் சதுக்கத்தில் 1497 ஆம் ஆண்டைச் சேர்ந்த 'பும்மெர்ல் வீடு' கோதிக் பாணி வீட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இவ்வீடு பின்னர் தங்கச் சிங்கம் என்னும் பெயரில் விடுதியாக இருந்தது. விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த சிங்கம் சிறு நாய்க்குட்டி போலத் தோன்றியதால், மக்கள் அதனைக் கேலியாக 'பும்மெர்ல்' என அழைத்தனர். அப்பெயரே வீட்டுக்கு நிலைத்துவிட்டது.

சமய ஒடுக்குமுறையும் வீழ்ச்சியும்

ஸ்டெயர் பகுதியில் வால்டென்சியர் என்னும் கிறித்தவச் சமயப் பிரிவினர் பலர் வாழ்ந்தனர். கத்தோலிக்கத் திருச்சபை இவர்களை வழிதவறியவர்களாகக் கருதியது. 1397 ஆம் ஆண்டில் இங்கு நடைபெற்ற சமய விசாரணைக்குப் பின் இப்பிரிவினர் பலர் தீயிலிட்டுக் கொல்லப்பட்டனர்.

16 ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரின் சீர்திருத்தக் கொள்கைகள் நகரில் விரைவாகப் பரவின. நகர மக்களில் பெரும்பான்மையோர் புரொட்டஸ்தாந்து சமயத்தைத் தழுவினர். 1620களில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியாளர்கள் மக்களை மீண்டும் கத்தோலிக்க சமயத்துக்குத் திருப்பக் கடும் நடவடிக்கைகளை மேற்கொண்டனர். மதம் மாற விரும்பாதோர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வணிகர்களும் கைத்திறன் மிக்க கொல்லர்களும் ரேகன்ஸ்பர்க், நியூரம்பெர்க் போன்ற ஜெர்மன் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

இதே காலத்தில் முப்பதாண்டுப் போரும், 1626 ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியும் வணிகத்தைப் பாதித்தன. 1625 ஆம் ஆண்டில் சுரங்கம், உருக்காலை, வணிகம் ஆகிய மூன்றும் இன்னர்பெர்க் தலைமைக் கூட்டமைப்பு என்னும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டன. எனினும் வெளியேறிய மக்களையும் அவர்களின் தொழில் அறிவையும் நகரம் ஈடுசெய்ய இயலவில்லை. 1727 ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் கோட்டையும் சேதமடைந்தது. அதன்பின் அது இன்றைய பரோக் பாணி லாம்பெர்க் மாளிகையாக மீண்டும் கட்டப்பட்டது. நகர மன்றக் கட்டடம் 1765 முதல் 1778 வரையான காலத்தில் எழுப்பப்பட்டது.

வெர்ண்டலும் துப்பாக்கித் தொழிலும்

19 ஆம் நூற்றாண்டில் நகரின் நிலையை மாற்றியவர் ஜோசப் வெர்ண்டல் (1831 - 1889) ஆவார். துப்பாக்கி உறுப்புகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த இவர், அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆயுதத் தொழிற்சாலைகளின் முறைகளைக் கற்றார். ஒவ்வொரு உறுப்பையும் இயந்திரங்களால் ஒரே அளவில் செய்தால், எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருத்த இயலும் என்பதே அம்முறையின் சிறப்பாகும். 1864 ஆம் ஆண்டில் இவர் தன் சகோதரருடன் சேர்ந்து தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

1866 ஆம் ஆண்டில் நடைபெற்ற போரில் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் தோல்வியுற்றது. பிரஷ்யப் படையினர் பின்புறமாகக் குண்டு நிரப்பி விரைவாகச் சுடும் துப்பாக்கிகளை வைத்திருந்தது இதற்கு ஒரு காரணமாகும். எனவே ஆஸ்திரியப் படைக்குப் புதிய துப்பாக்கி உடனடியாகத் தேவைப்பட்டது. வெர்ண்டலும் கரேல் ஹொலூப் என்பவரும் உருவாக்கிய துப்பாக்கி 1867 ஆம் ஆண்டில் தெரிவு செய்யப்பட்டது. 1869 ஆம் ஆண்டில் நிறுவனம் ஆஸ்திரிய ஆயுத உற்பத்திக் கழகம் என்னும் பங்கு நிறுவனமாக மாறியது. 1868 ஆம் ஆண்டில் தொடருந்துப் பாதையும் நகரை வந்தடைந்திருந்ததால், ஆற்றுப் போக்குவரத்தின் முதன்மை குறைந்தது. பின்னர் பெர்டினாண்ட் மான்லிக்கர் வடிவமைத்த துப்பாக்கிகள் பல நாட்டுப் படைகளுக்கு விற்கப்பட்டன.

வெர்ண்டல் தொழிலாளர்களுக்கு வீடுகளும் நீச்சல் குளமும் அமைத்தார். 1884 ஆம் ஆண்டில் ஸ்டெயரில் மின்சாரக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். ஆற்று நீரின் விசையால் பெற்ற மின்சாரத்தைக் கொண்டு தெருக்களில் விளக்குகள் எரிக்கப்பட்டன. மின்விளக்கால் தெருக்களை ஒளிரச் செய்த ஐரோப்பாவின் முதல் நகரங்களுள் ஸ்டெயரும் ஒன்றாகும்.

ஆயுதத்துக்கான தேவை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. படைகளின் ஆணைகள் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். ஆணைகள் முடிந்தபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க, 1894 ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலையில் மிதிவண்டிகளும் செய்யப்பட்டன. ஆயுத ஆலையில் பிறந்ததால் அவை 'ஆயுதச் சக்கரம்' என்னும் பெயரில் புகழ் பெற்றன.

உலகப் போர்களின் காலம்

முதல் உலகப் போரின்போது தொழிற்சாலையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். போருக்குப் பின் ஆஸ்திரியா ஆயுதம் செய்வது தடைசெய்யப்பட்டது. எனவே ஹன்ஸ் லெட்விங்கா என்னும் பொறியாளரின் வடிவமைப்பில் 1920 ஆம் ஆண்டில் தானுந்து உற்பத்தி தொடங்கப்பட்டது. 1929 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் விற்பனை சரிந்தது. நகரில் வேறு பெரிய தொழில் இல்லாததால் பெரும் பகுதி மக்கள் வறுமைக்கு உள்ளாயினர். 1934 ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற ஆஸ்திரிய உள்நாட்டுப் போரில் ஸ்டெயர் ஒரு முக்கிய களமாக இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான என்ஸ்லைட்டெ மீது அரசுப் படையினர் பீரங்கியால் சுட்டனர். அதே ஆண்டில் நிறுவனம் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து ஸ்டெயர்-டைம்லர்-புக் ஆனது.

1938 ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாசி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டபின் தொழிற்சாலை மீண்டும் போர்த் தளவாடங்களைச் செய்தது. 1942 ஆம் ஆண்டில் மவுத்தவுசன் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று ஸ்டெயரின் மூனிக்கோல்ஸ் பகுதியில் அமைக்கப்பட்டது. பல நாடுகளைச் சேர்ந்த கைதிகள் இங்குக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். லாம்பெர்க் மாளிகையின் கீழே கைதிகளைக் கொண்டு வெட்டப்பட்ட சுரங்கப்பாதை, 2013 ஆம் ஆண்டு முதல் 'நினைவுச் சுரங்கம்' என்னும் கண்காட்சியாக உள்ளது. 1944 ஆம் ஆண்டில் நேச நாடுகளின் விமானங்கள் தொழிற்சாலைகள் மீது குண்டு வீசின.

1945 ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்கிலிருந்து அமெரிக்கப் படையும் கிழக்கிலிருந்து சோவியத் படையும் நகரை அடைந்தன. என்ஸ் ஆறு இருபடைகளுக்கும் எல்லைக் கோடானது. பல நூற்றாண்டுகள் மக்களை இணைத்த ஆறு, சிறிது காலம் ஒரே நகரை இரண்டாகப் பிரித்தது.

இன்றைய நகரம்

போருக்குப் பின் சரக்குந்துகள், உழவு இயந்திரங்கள், பேரிங்குகள் ஆகியவற்றின் உற்பத்தியால் நகரம் மீண்டது. 1979 ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ நிறுவனத்துடன் கூட்டாக இயந்திர ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது முழுமையாக பிஎம்டபிள்யூவின் உடைமையாயிற்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டெயர்-டைம்லர்-புக் பல பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டது. சரக்குந்துப் பிரிவு ஜெர்மனியின் மான் நிறுவனத்துக்குச் சென்றது.

2020 ஆம் ஆண்டில் மான் நிறுவனம் ஸ்டெயர் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஆலையை வாங்க முன்வந்த முதலீட்டாளரின் திட்டத்தை 2021 ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் தொழிலாளர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் ஆலை அவரிடமே விற்கப்பட்டு 'ஸ்டெயர் ஆட்டோமோட்டிவ்' எனப் பெயர் மாற்றப்பட்டது. எரிபொருள் இயந்திரங்களிலிருந்து மின்சார வாகனங்களுக்கு உலகம் மாறிவரும் நிலையில், பிஎம்டபிள்யூ ஆலையில் மின் இயக்கிகள் செய்ய 2022 ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது.

1970களில் வேர்கிராபென் வாய்க்காலை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் எழுந்தது. நகர மக்களின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. வாய்க்காலின் கரையில் இருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 1987 ஆம் ஆண்டில் தொழிலுலக அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மேல் ஆஸ்திரியப் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றும் நகரில் உள்ளது. ஆறுகளால் ஆபத்தும் உண்டு. 2002 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின.

பண்பாடு

இசையமைப்பாளர் பிரான்ஸ் சூபெர்ட் 1819 ஆம் ஆண்டில் ஸ்டெயருக்கு வந்தார். சுரங்க அதிகாரியும் இசை ஆர்வலருமான சில்வெஸ்டர் பாம்கார்ட்னரின் தூண்டுதலால் உருவானதே அவரது புகழ்பெற்ற 'டிரவுட்' ஐந்திசை ஆகும். நகரின் கிறிஸ்ட்கிண்டல் பகுதியில் பரோக் பாணியில் அமைந்த திருத்தலம் ஒன்று உள்ளது. 1950 ஆம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் இங்குச் சிறப்பு அஞ்சலகம் இயங்குகின்றது. அதன் முத்திரையுடன் வாழ்த்து மடல்கள் பல நாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. 1889 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1982 ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஸ்டெயர் பள்ளத்தாக்குக் குறுகிய தொடருந்துப் பாதையின் ஒரு பகுதியில், 1985 ஆம் ஆண்டு முதல் ஆர்வலர்கள் நீராவி வண்டிகளை ஓட்டி வருகின்றனர்.