உங்களுக்குத் தெரியுமா? தரங்கம்பாடியைக் கண்டு எழுதிய ஐஸ்லாந்துக்காரர்

வட அட்லாண்டிக் கடலின் நடுவே பனியும் எரிமலையும் சூழ்ந்து கிடக்கும் ஐஸ்லாந்து தேசத்தில், 1593-ஆம் ஆண்டில் பிறந்த ஜோன் ஓலாஃப்ஸன் என்பவர், 1615-இல் ஓர் ஆங்கிலேயக் கப்பலேறிப் புறப்பட்டு, டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுடைய சேவையில் பீரங்கிச் சிப்பாயாக அமர்ந்து, வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் வரையிலும் யாத்திரை செய்த பின்னர், தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனியர் 1620-இல் நிறுவிய தரங்கம்பாடிக் கோட்டைக்கே காவற்பணி பூண்டு வந்து சேர்ந்தார்.

அங்கே வெடிமருந்து விபத்தொன்றில் படுகாயமுற்றுத் தாயகம் திரும்பிய அவர், அறுபத்தெட்டு வயதை நெருங்கிய காலத்தில், 1661-இல், தம் ஜீவிய சரித்திரத்தைத் தாய்மொழியில் எழுதிவைத்தார். கப்பலில் மாலுமிகள் அனுபவித்த தண்டனைகளும், கோபன்ஹேகன் நகரத்து நடப்புகளும், சோழமண்டலக் கரையின் கோவில்களும், மக்களின் ஆசாரங்களும் அதில் ஒருங்கே இடம்பெற்றுள்ளன.

அக்காலத்து ஐஸ்லாந்தில் இருந்த ஒரே அச்சகம் திருச்சபையின் வசத்தில் இருந்து, பெரும்பாலும் சமய நூல்களையே வெளியிட்டு வந்தமையால், குடியானவர் இல்லங்களில் கைப்பிரதிகளாகவே வழங்கிவந்த பலவகை நூல்களைப் போலவே இந்நூலும் பிரதிகளின் வாயிலாகவே உயிர்பிழைத்து, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், 1908–1909-இல்தான் கோபன்ஹேகனில் அச்சுவாகனம் ஏறியது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டன் ஹக்லூயிட் சங்கத்தார் 1923-இலும் 1932-இலும் இரு பாகங்களாகப் பிரசுரித்தனர்.