வலி ஓய்ந்த நேரத்துக்கு ஒரு குரல்

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வந்தவருக்கு முதல் பகை வெளிச்சம்தான். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கண்ணைத் துண்டால் மூடிப் படுத்துக்கொள்வார்கள். கைபேசித் திரையின் ஒளியைக்கூடத் தாங்க முடியாது. ஆனால் இந்த நோயைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி அந்தத் திரைக்குள்தான் இருக்கிறது. சட்சட்டென்று மாறும் படங்கள், மின்னி மறையும் எழுத்துகள், மேலே ஏறிக்கொண்டே போகும் காணொளிகள். தலைவலிக்காரருக்கு உதவ வந்தவையே தலைவலியைக் கிளப்புகின்றன. கண்ணுக்கு வேலை வைக்காத பாட்காஸ்ட்டை இவர்களுக்கான ஊடகம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

வலி உச்சத்தில் இருக்கும்போது சத்தமும் ஆகாது என்பது உண்மை. அந்த நேரத்தில் எந்தக் குரலும் வேண்டாம், இருட்டும் உறக்கமும் மருந்தும் போதும். ஆனால் மைக்ரேன் என்பது வலிக்கும் நேரம் மட்டும் இல்லை. மருந்து எடுக்காவிட்டால் வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். அதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே, காரணமில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை எல்லாம் தலைகாட்டும். வலி போன பிறகும் ஒரு நாள் மந்தமாகவே கழியும். இவற்றுக்கு நடுவே நல்ல நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கேட்டு மனதில் வாங்கியதுதான் அடுத்த வலி வரும்போது கைகொடுக்கும்.

இதை வேலூர் பாகாயத்தை முன்வைத்து யோசிக்கக் காரணம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம் இங்கேதான். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அந்த நிறுவனத்தில்தான். சி.எம்.சி.யின் மனநல மையமும் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பெயர் பெற்ற இடம் அது. கணியம்பாடி வட்டாரக் கிராமங்களுக்குள் செவிலியர்களை அனுப்பும் 'சாட்' சமூக நல மருத்துவமனையும் இதே ஊரில்தான். தலைக்குள் நடப்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இந்த ஊருக்கு மேற்கிலும் கிழக்கிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஊர்கள். ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, தான் சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். மிஷின் சத்தம், கண்ணுக்கு நேரே விளக்கு, பசையில் கலந்த ரசாயனத்தின் நெடி, மே மாத வேலூர் வெயில். கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போக முடியாது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வேறு. மைக்ரேனைத் தூண்டும் காரணங்களின் பட்டியலை யாராவது எழுதினால் ஒரு வேலை நாளையே எழுத வேண்டியிருக்கும்.

எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கக்கூடும்? வேலூருக்கென்று கணக்கு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் 25.2 சதவீதம் பேருக்கு அந்த ஓராண்டுக்குள் மைக்ரேன் இருந்தது. அதாவது நான்கு பேரில் ஒருவர். பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை முடக்கும் நோய்களில் முதலிடம் இதற்குத்தான். தையல் பிரிவில் வேலை செய்யும் வயதும் அதுதான்.

ஆனால் அந்தப் பிரிவில் போய்க் கேட்டால் யாரும் மைக்ரேன் என்று சொல்ல மாட்டார்கள். பித்தம் என்பார்கள், வாயு என்பார்கள், தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் சைனஸ் என்பார்கள். சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு கட்டியிருந்த 2,991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. சுக்குப் பத்தும் தைலமும் போட்டு, தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் இந்த ஒரு தகவல் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம்.

ஆங்கிலத்தில் நல்ல ஒலி நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் 'அசோசியேஷன் ஆஃப் மைக்ரேன் டிஸார்டர்ஸ்' நடத்தும் 'ஸ்பாட்லைட் ஆன் மைக்ரேன்' அவற்றில் ஒன்று. நரம்பியல் மருத்துவர்களும் நோயாளிகளும் நிதானமாகப் பேசுகிறார்கள். 2016 முதல் ஆண்டுதோறும் இணையத்தில் நடக்கும் 'மைக்ரேன் வேர்ல்ட் சம்மிட்' நேர்காணல்களும் ஆழமானவை. அலுவலகத்தில் விடுப்பு கேட்பது எப்படி, குடும்பத்துக்கு இந்த நோயைப் புரியவைப்பது எப்படி என்பது வரை இத்தகைய நிகழ்ச்சிகள் தொடுகின்றன. ஆங்கிலம் பழகியவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

அவற்றில் நம் வீடுகள் இல்லை என்பதுதான் குறை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதை எடுத்துக்கொள்வோம். "தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட கொண்டை போட்டா வலிக்காம என்ன பண்ணும்?" என்று மாமியார் கேட்டால், அதை மூடநம்பிக்கை என்று நினைக்கும் மருமகள்கள் உண்டு. மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் தம்மிடம் வந்த 1,500 நோயாளிகளில் 94 பேருக்குத் தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டியதைக் கவனித்து, 2006-இல் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் 11 பேருக்கு வேறு எந்தத் தூண்டுதலும் இல்லை, குளியல் மட்டும்தான். நீண்ட, அடர்ந்த கூந்தலைக் கழுவி ஈரத்தோடு விடும் நாட்டில் வாழும் மருத்துவரின் கண்ணுக்குத்தான் அது படும். மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தலைக்குக் குளித்தால் உடனே உலர்த்துவது, வெறும் வயிற்றோடு குளிக்காமல் இருப்பது, வேலை நாளைத் தவிர்த்து வேறு நாளில் குளித்துப் பார்ப்பது என்று ஒவ்வொருவரும் தமக்கு ஒத்துவருவதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ரமலான் மாதமும் அப்படித்தான். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் நோன்பு நோற்கும் மைக்ரேன்காரர்கள் எத்தனையோ பேர். இஸ்ரேலில் 32 நோயாளிகளைக் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், சாதாரண மாதத்தில் சராசரியாக 3.7 நாட்களாக இருந்த மைக்ரேன், ரமலானில் 9.4 நாட்களாக உயர்ந்தது. பசியும் தண்ணீரில்லாத பகலும் கலைந்த தூக்கமும் சேர்ந்து செய்யும் வேலை. காலையில் வழக்கமாகக் குடிக்கும் டீ நின்றுபோவதும் ஒரு காரணம். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே டீயைப் படிப்படியாகக் குறைப்பது, விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவைத் தவறவிடாமல் தண்ணீர் நன்றாகக் குடிப்பது, நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைச் சஹர் நேரத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது: இவை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே ஒலிக்க வேண்டிய செய்திகள்.

செய்தி சொல்வது பாட்காஸ்ட்டின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி சிகிச்சைக்கே மிக நெருக்கமானது. உடலின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் தளர்வுப் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறாண்டுகளுக்கு முன் வகுத்தார். மைக்ரேனைக் குறைக்க அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கில் 51 மைக்ரேன் நோயாளிகளுக்குக் கைபேசிச் செயலி வழியாக அந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்தவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் தலைவலி நாட்கள் சராசரியாக நான்கு குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்குத் தேவைப்பட்டது ஒரு குரலும் கைபேசியும் மட்டுமே. தோளை இறுக்குங்கள், விடுங்கள், மூச்சை மெல்ல வெளியே விடுங்கள் என்று நம் பேச்சில் ஒருவர் சொல்ல, நாள் முழுக்கக் குனிந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்த பெண் இரவில் கண்ணை மூடிக் கேட்டபடி செய்யலாம்.

யோகாவுக்கும் இதே போன்ற சாட்சியம் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு மாதத்துக்கு 9.1 ஆக இருந்த தலைவலி மூன்று மாதத்தில் 4.7 ஆகக் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7 என்பது 6.8 ஆனது. மருந்தோடு சேர்த்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்வாழ்வு என்ற பெயரில் பேசும் நிகழ்ச்சிகளில் பல, "மாத்திரையே வேண்டாம்" என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அடுத்த நிமிடம் ஒரு பொடியையோ எண்ணெயையோ விற்கின்றன. விற்பனையோடு வரும் அறிவுரையை நம்பாதீர்கள்.

அதற்காகக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை இஷ்டத்துக்குப் போடலாம் என்று இல்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை மருந்தையும் கலவை மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தினமும் ஒரு மாத்திரை போட்டால்தான் மிஷினில் உட்கார முடியும் என்கிற பெண் இந்தச் சுழலில் இருக்கக்கூடும். அவருக்குத் தேவை இன்னொரு மாத்திரை இல்லை. வலி வராமல் தடுக்கும் ப்ராப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற, மருத்துவர் எழுதித் தரும் பழைய, விலை குறைந்த மருந்துகள். வலிக்கு முன் கண்ணில் மின்னலும் வளைவுக் கோடுகளும் தெரிகிற பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடும். திடீரென்று இடிபோல் இறங்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் எதையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படி ஒரு நிகழ்ச்சி பாகாயத்திலிருந்து, வட ஆற்காட்டுப் பேச்சில் வர வேண்டும் என்பது என் ஆசை. நரம்பியல் மருத்துவர், மனநல மையத்தின் ஆலோசகர், கிராமத்துக்குப் போகும் செவிலியர், கூடவே தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். தொடக்க இசை வேண்டாம். சத்தம் ஆகாதவர் காதில் அது ஊசி. குரல் ஒரே அளவில் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வலிக்கு மறுநாள் மந்தத்தில் இருப்பவரும் பிடித்துக்கொள்ளும்படி முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையம் இல்லாத சாதாரண போனுக்கும் குரல் போய்ச் சேரும் என்பதை, கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு அழைப்பாகப் போகும் மத்திய அரசின் 'கில்காரி' ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

முதல் சில நிகழ்ச்சிகளிலேயே தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிப் பேசியாக வேண்டும். நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதிப்படி நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்தத் தொகை கிடையாது. முன்பு தொகை பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்குள் மறுபடி நோய் வந்தால் மட்டுமே விலக்கு. மைக்ரேனோ பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாளில் அடங்கிவிடும் நோய். மாதம் மூன்று முறை படுத்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நாளுக்குள்ளேயே முடிந்துபோய், கூலி இழந்ததுதான் மிச்சமாகும். அதனால் வலி வந்த நாள், நேரம், போட்ட மாத்திரை, வேலைக்குப் போக முடியாத நாள் ஆகியவற்றை ஒரு சின்ன நோட்டில் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தொடங்கலாமா என்று முடிவெடுக்க மருத்துவர் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான். விதியை மாற்றச் சொல்லித் தொழிற்சங்கம் வாதாடும் நாளில் மேசையில் வைக்க வேண்டியதும் அதுவே.